லிந்தாங் சடக்கில் கேட்ட எஞ்சின் சத்தம்

அமெரிக்காவில் ஓட்டத்திலிருந்து நிறுத்தப்பட்ட நகரப் பஸ்களைச் சிலர் வாங்கி, பழுதுபார்த்து, ஆசையாக ஓட்டுகிறார்கள். அந்த வீடியோக்களில் கேட்ட எஞ்சின் சத்தம், சின்ன வயதில் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து லிந்தாங் போன பஸ்ஸை நினைவுபடுத்தி உங்கள் கண்ணைக் கலங்க வைத்துவிட்டது, இரண்டும் ஒரே எஞ்சின்தானா என்று கேட்டிருந்தீர்கள். உங்கள் மாமாவின் செம்பனை (எண்ணெய்ப்பனை) நிலத்து மூலையில் ஒரு பழைய பஸ் எஞ்சினோடு கிடக்கிறது, அதை ஓட வைக்க முடியுமா என்றும் கேட்டிருந்தீர்கள். முதல் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம்: இரண்டும் வேறு வேறு எஞ்சின். ஆனால் தம்பி, நீங்கள் கேட்க வந்தது வேறு என்று நினைக்கிறேன். அந்தச் சத்தத்தில் அப்படி என்ன இருந்தது, இப்போதைய பஸ்ஸில் அது எங்கே போனது, இன்னொரு தடவை காதால் கேட்க வழி உண்டா என்பதுதான் உங்கள் கேள்வி. அதற்கு ஒரு வரி போதாது.

நான் 1979-இல், 17 வயதில், ஈப்போ பக்கம் ஒரு பஸ் கம்பெனியின் பட்டறையில் கையாளாகச் சேர்ந்தேன். 34 வருஷம் டீசல் பம்பும், சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலும்தான் எனக்குச் சோறு போட்டன. ஈப்போ, சுங்கை சிப்புட், கோலகங்சார் தடத்தில் ஓடிய எங்கள் கம்பெனி வண்டிகள் எல்லாமே ஏதாவது ஒரு நாள் என் கைக்கு வந்து போனவை. அமெரிக்கப் பஸ் எதிலும் நான் வேலை செய்ததில்லை. ஆனால் அதே குடும்பத்து எஞ்சின் ஒன்று ஈயச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்கும் பம்போடு இருந்தது. அதை இரண்டு முறை பிரித்துப் பூட்டியிருக்கிறேன். அந்த அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன்.

நீங்கள் பார்த்த வீடியோக்களில் முன்கண்ணாடி வளைந்து புடைத்த பஸ் ஒன்று அடிக்கடி வந்திருக்கும். அது ஜெனரல் மோட்டார்ஸ் 1959-இல் கொண்டுவந்த ‘நியூ லுக்’ மாடல். அந்தக் கண்ணாடியைப் பார்த்து அங்குள்ளவர்கள் அதற்கு மீன்தொட்டி என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அதன் பின்பக்கத்தில் குறுக்காக உட்கார்ந்திருக்கும் எஞ்சின் டெட்ராய்ட் டீசல் என்ற எஞ்சின் கம்பெனியின் 71 வரிசையைச் சேர்ந்தது. 71 என்பது ஒரு சிலிண்டரின் கொள்ளளவு, கன அங்குலக் கணக்கில். லிட்டரில் சொன்னால் 1.16. வரிசை தொடங்கியது 1938-இல். அந்த எஞ்சினின் தனித்தன்மை, அது டூ ஸ்ட்ரோக் என்பது. நம் பஸ்ஸில் இருந்த ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் வெடிக்கும். டூ ஸ்ட்ரோக்கில் ஒவ்வொரு சுற்றுக்கும் வெடிக்கும். 6 சிலிண்டர், நிமிடத்துக்கு 2,100 சுற்று என்று வைத்துக்கொண்டால், டெட்ராய்ட் எஞ்சின் நொடிக்கு 210 தடவை வெடிக்கிறது; அதே வேகத்தில் ஃபோர் ஸ்ட்ரோக் 105 தடவைதான். சரியாக இரண்டு மடங்கு. நாதஸ்வரம் வாசிப்பவரிடம் சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்: ஒன்று சட்ஜமம், மற்றது மேல் சட்ஜமம். அதனால்தான் உண்மையில் எவ்வளவு வேகத்தில் ஓடுகிறதோ அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடுவது போல அது அலறுகிறது. அதோடு, டூ ஸ்ட்ரோக் டீசலால் தானாகக் காற்றை உள்ளே இழுக்க முடியாது, ஊதித்தான் அனுப்ப வேண்டும். அதற்காகப் பக்கத்திலேயே ஒரு புளோவர் சுழலும், அதன் ஊளையும் சேர்ந்துகொள்ளும்.

நம் பக்கத்துச் சத்தம் வேறு மாதிரி. பிரிட்டிஷ்காரர்கள் காலத்திலிருந்தே இங்கே வந்தவை பெரும்பாலும் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து வண்டிகள்: லேலண்ட், பெட்ஃபோர்ட், அல்பியோன். சட்டமும் எஞ்சினும் சக்கரமும் மட்டும் கப்பலில் வரும், பாடியை இங்கே கட்டுவார்கள். அந்த எஞ்சின்களின் பெயரிலும் கன அங்குலமே ஒளிந்திருக்கும். லேலண்ட் 600 என்றால் 600 கன அங்குலம், அதாவது 9.8 லிட்டர். பெர்க்கின்ஸ் 354 என்றால் 5.8 லிட்டர். மான்செஸ்டர் பக்கத்தில் செய்த கார்ட்னர் 6எல்எக்ஸ் 10.45 லிட்டர், அவ்வளவு பெரிய எஞ்சின் உச்சத்தில் 1,700 சுற்றுதான் சுற்றும், நொடிக்கு 85 வெடிப்பு. தவிலின் தொப்பிப் பக்கம் போல அடிவயிற்றில் இறங்கும் சத்தம் அது. நான் பட்டறைக்கு வந்த காலத்தில் ஆங்கிலேய வண்டிகள் குறைந்து, மெர்சிடிஸும் ஜப்பான் வண்டிகளும் வரத் தொடங்கிவிட்டன. மெர்சிடிஸின் 352 எஞ்சினில் அந்த எண் கொள்ளளவைக் குறிப்பதில்லை, அது 5.7 லிட்டர். 2,800 சுற்று வரை போகும் அந்த எஞ்சினின் குரல் கார்ட்னரைவிட மெல்லியது, கொஞ்சம் அவசரமானது. நீங்கள் 80-களில் பள்ளிக்குப் போனவர் என்பதால் உங்கள் காதில் இருப்பது இவற்றில் ஒன்றாக இருக்கலாம். எது என்று எஞ்சின் தகட்டைப் பார்க்காமல் சொன்னால் அது வெறும் யூகம்.

சரி, இப்போதைய பஸ்ஸில் அது ஏன் இல்லை? டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. காற்றை நெருக்கி நெருக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானாகப் பற்றிக்கொள்ளும். பீய்ச்சிய உடனே பற்றாது, ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவான தாமதம் இருக்கும். அந்தத் தாமதத்துக்குள் சேர்ந்துவிட்ட டீசல் முழுவதும் ஒரே நேரத்தில் பற்றும்போது வருவதுதான் டக் டக் என்று கட்டையில் அடிக்கும் ஓசை. பழைய பம்பு ஒரு சுழற்சிக்கு ஒரே தடவை பீய்ச்சும், நாசில் 200 பார் அழுத்தத்துக்குப் பக்கத்தில் திறக்கும். எல்லா நாசிலுக்கும் பொதுவான ஒரே குழாயில் டீசலை அழுத்தி வைத்திருக்கும் இன்றைய காமன் ரெயில் எஞ்சினில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டுகிறது. முதலில் ஒரு துளியை அனுப்பி நெருப்பைத் தயார் செய்துவிட்டு மீதியை அனுப்பச் சொல்லி கணினி உத்தரவு போடுகிறது. அடி விழாமல் தள்ளுவது போல் ஆகிவிடுகிறது. அதற்கு மேல் டர்போ, புகைக்குழாயில் வடிகட்டி, எஞ்சினைச் சுற்றிப் பஞ்சு மெத்தை. எல்லாமே வெளியே வரும் ஓசையைத் தின்றுவிடுகின்றன. பழைய வண்டிகளில் நேர்ப்பல் கியர்களின் ரீங்காரம் இருந்தது, இறக்கும்போது டிரைவர் இரண்டு முறை கிளட்ச் மிதித்து நடுவில் ஒரு உறுமல் கொடுப்பார். அந்த உறுமலும் போய்விட்டது.

என் அனுபவத்தில், அந்தச் சத்தத்தோடு போனது ஒரு காது. இதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். எங்கள் பட்டறையின் தலைமை மெக்கானிக் ஒரு சீனப் பெரியவர். வண்டி கேட்டுக்குள் நுழையும்போதே, தலையைத் தூக்கிப் பார்க்காமல், நாலாவது சிலிண்டர் என்பார். நான் நம்பமாட்டேன். வண்டியை ஐட்லிங்கில் விட்டு, பம்பிலிருந்து நாசிலுக்குப் போகும் இரும்புக் குழாய்களின் நட்டை ஒவ்வொன்றாக ஸ்பானரில் அரைச் சுற்று தளர்த்தச் சொல்வார். ஒன்றைத் தளர்த்தினால் டீசல் கசிந்து எஞ்சின் நொண்டும், அப்படியானால் அந்த சிலிண்டர் வேலை செய்துகொண்டிருந்தது. அடுத்தது நொண்டும். அதற்கடுத்ததும் நொண்டும். நாலாவதைத் தளர்த்தினால் எந்த மாற்றமும் இருக்காது. அதுதான் ஏற்கனவே செத்துக்கிடந்த சிலிண்டர். அப்புறம் நீளமான ஸ்குரூ டிரைவரின் முனையை நாசில் மேல் வைத்து, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்கச் சொல்வார். நல்ல நாசில் கிரீச் கிரீச் என்று குருவி மாதிரி பேசும். கெட்டது ஊமையாக இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கேட்கப் பழக எனக்கு இரண்டு வருஷம் ஆனது.

பட்டறையில் மட்டும் இல்லை. தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் எங்கள் அம்மா அடுப்பங்கரையில் இருந்தபடியே, அஞ்சே கால் பஸ் வளைவு திரும்பிவிட்டது என்று எங்களைக் கிளப்புவார். எந்த டிரைவர் என்றுகூடச் சொல்லிவிடுவார், கியர் இறக்கும் விதத்தை வைத்து. ரப்பர் பால் எடுத்துக்கொண்டு திரும்பும் பெண்கள் சடக்கோரம், அதாவது சாலையோரம், ஒதுங்கி நிற்க ஹாரன் தேவைப்பட்டதில்லை. எஞ்சின் தன் வேலையை வெளிப்படையாகச் செய்தது, ஊரே அதைக் கேட்டுப் புரிந்துகொண்டது. இப்போது ஒரு வண்டிக்கு என்ன நோய் என்று மடிக்கணினியைச் செருகினால்தான் தெரிகிறது. அதைக் குறை சொல்லவில்லை, அது துல்லியமானது. ஆனால் அந்த நோயை எட்ட நின்று யாரும் கேட்க முடியாது. வீடியோ பார்த்து உங்கள் கண் கலங்கியது இதனால்தான் என்று நம்புகிறேன். வெள்ளைக்காரர் ஒருவர் ஏதோ ஒரு நகரத்தில், பஸ் பின்னால் நின்று கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருப்பாரே, அவர் கேட்பதும் தன் வீட்டு வளைவில் திரும்பும் பஸ்ஸைத்தான்.

பழைய எஞ்சின் என்றாலே இரும்பு, இப்போதையது எல்லாம் தகரம் என்று நம்மவர்கள் சொல்வதில் எனக்குச் சந்தேகம் உண்டு. மெதுவாகச் சுற்றும் பெரிய எஞ்சினில் தேய்மானம் குறைவு என்பது உறுதி. பிரித்து, லைனர் மாற்றி, மறுபடி மறுபடி புதுசாக்கும்படி செய்திருந்தார்கள் என்பதும் உறுதி. ஆனால் இன்றைக்கு மிஞ்சியிருப்பவை நல்லவை மட்டுமே என்பதை மறந்துவிடுகிறோம். ஹெட் வெடித்து, கிராங்க் உடைந்து பழைய இரும்புக்குப் போனவற்றை நான் கையால் ஏற்றி அனுப்பியிருக்கிறேன். அவற்றை யாரும் வீடியோ எடுக்கவில்லை.

புகையைப் பற்றியும் சொல்லாமல் விடக்கூடாது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்று குறைவு, நீலம் என்றால் எண்ணெய் எரிகிறது, வெள்ளை என்றால் பற்றாத டீசல் அல்லது தண்ணீர். இப்படிப் புகையை வைத்தே நோய் சொல்லக் கற்றுக்கொண்டோம், அதற்காக அதைத் தினமும் சுவாசித்தோம். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியான முதல் பிரிவில் சேர்த்தது. விடியற்காலை 5 மணிக்கு மூடிய கொட்டகையில் 20 வண்டிகளை ஸ்டார்ட் பண்ணி நின்றவர்கள் நாங்கள். ஆகவே அந்த எஞ்சின்கள் தினசரி ஓட்டத்துக்குத் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் கேட்கமாட்டேன். அமெரிக்காவில் டூ ஸ்ட்ரோக் பஸ் எஞ்சின் நின்றதற்கும் புகைக் கட்டுப்பாடே முக்கியக் காரணம். நான் கேட்பதெல்லாம், ஊருக்கு ஒன்று, உயிரோடு இருக்கட்டும். வருஷத்தில் சில நாள் திறந்த வெளியில் ஓடட்டும்.

அப்படிக் காப்பாற்ற முடியுமா என்று தயங்குகிறீர்கள். ஓர் உதாரணம் சொல்கிறேன். 1955 டிசம்பர் 1-ஆம் தேதி அமெரிக்காவின் மாண்ட்கோமரி நகரில், வெள்ளையருக்கு இடம்விட்டு எழுந்திருக்க மறுத்து ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் உட்கார்ந்திருந்த பஸ், 1948-இல் செய்த ஒரு ஜெனரல் மோட்டார்ஸ் டீசல் பஸ்தான், எண் 2857. ஓய்வு கொடுத்த பிறகு அதை ஒருவர் வாங்கி, ஒரு வயலில் நிறுத்தி, சாமான் போடும் கொட்டகையாக வைத்திருந்தார். முப்பது வருஷம் மழையிலும் வெயிலிலும் கிடந்தது. 2001-இல் டியர்போர்னில் உள்ள ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை வாங்கிச் சீர்செய்தது, இன்றும் அங்கே ஏறி உட்கார்ந்து பார்க்கலாம். உங்கள் மாமா நிலத்துப் பஸ்ஸில் அப்படியொரு வரலாறு நடக்கவில்லைதான். ஆனால் தோட்டத்துப் பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்குப் போனதும், பிரசவ வலியோடு பெண்கள் பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போனதும், தோட்டம் துண்டாடப்பட்டபோது ஜனங்கள் மூட்டை முடிச்சோடு வெளியேறியதும் அந்த மாதிரி பஸ்ஸில்தான். எனக்கு அது போதும்.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். காசு கொடுப்பதற்கு முன் இரண்டு காரியம். ஒன்று, வண்டியின் பதிவு அட்டை யாரிடம் இருக்கிறது, சடக்கில் ஓட்ட என்ன அனுமதி வேண்டும் என்று ஜேபிஜே என்னும் சாலைப் போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். சடக்கில் ஓட்டுவது பெரிய கதை. சொந்த நிலத்தில் ஓட வைப்பது சின்னக் கதை. முதலில் சின்னக் கதையை முடியுங்கள். இரண்டு, எஞ்சின் தகட்டையும் பம்பின் தகட்டையும் படம் எடுத்து இங்கே போடுங்கள். எஞ்சினுக்குச் சாமான் கிடைக்குமா என்பது அந்த எண்ணில்தான் இருக்கிறது. மெர்சிடிஸ் 352 என்றால் கவலை குறைவு, உலகம் முழுக்க லோரிகளில் போட்ட எஞ்சின் அது.

எஞ்சினை உடனே சாவி போட்டுச் சுற்றிவிடாதீர்கள். நாசில்களைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் கொஞ்சம் எண்ணெய் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற விடுங்கள். அப்புறம் பெரிய ஸ்பானரை கிராங்க் நட்டில் போட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். வராவிட்டால் பலத்தைக் காட்ட வேண்டாம், மறுபடி எண்ணெய், மறுபடி பொறுமை. டாங்கில் இருப்பதை முழுவதும் வடித்துவிடுங்கள். நம் ஊர் ஈரத்தில் டாங்கின் அடியில் தண்ணீர் சேரும், தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் கிருமி வளர்ந்து கறுப்புச் சளி மாதிரி ஆகிவிடும். அதோடு ஸ்டார்ட் பண்ணினால் பம்பு போய்விடும். பழைய ரப்பர் குழாய்களையும் மாற்றுங்கள். இப்போது எண்ணெய் நிலையத்தில் விற்கும் டீசலில் செம்பனையிலிருந்து வந்த பயோடீசல் ஒரு பங்கு கலந்திருக்கிறது, அந்தக் காலத்து ரப்பருக்கு அது ஒத்துவராது. ஆனால் கந்தகம் குறைந்த புது டீசல் பழைய பம்பைத் தின்றுவிடும் என்று யாராவது பயமுறுத்தினால் கேட்காதீர்கள். அந்தச் செம்பனைப் பங்கே டீசலுக்கு வழுவழுப்பைக் கொடுக்கிறது. நம் ஊரைச் சுற்றி விளையும் குலைதான் அந்த வேலையைச் செய்கிறது என்று நினைத்தால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் தவறவிடாதீர்கள். வருஷக்கணக்கில் நின்ற பம்பில் டீசல் காய்ந்து பிசினாகி, டீசல் அளவை மாற்றும் உள்தண்டு முழுத் திறப்பில் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அப்படி இருக்கும்போது ஸ்டார்ட் ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னருக்கு அடங்காமல் எஞ்சின் வேகம் ஏறிக்கொண்டே போகும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது. 1986-இல் எங்கள் பட்டறையில் அப்படி ஒன்று ஓடியது. 10 நொடி இருக்கும், பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் கனெக்டிங் ராட் ஒன்று எஞ்சின் பிளாக்கைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்து கொட்டகைத் தகரத்தில் அடித்தது. யாருக்கும் அடிபடவில்லை. அன்றிலிருந்து பம்பின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி, அந்தத் தண்டு விரலுக்கு வழுக்கிக்கொண்டு போய் வருகிறதா என்று பார்க்காமல் நான் எந்த எஞ்சினையும் தொட்டதில்லை. நீங்களும் பாருங்கள். பார்த்த பிறகும், காற்று உறிஞ்சும் குழாயின் வாயை முழுதாக மூடும் அளவுக்கு ஒரு தடித்த பலகையைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கையாலோ துணியாலோ மூடக்கூடாது, இழுத்துவிடும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, நிதானமான ஒரு ஆளைப் பலகையோடு அங்கே நிறுத்தி, மற்றவர்களை எட்ட நிற்கச் சொல்லிவிட்டு, டீசல் குழாயில் காற்றுக் குமிழி நிற்கும் வரை கைப்பம்பை அடியுங்கள். அப்புறம் ஸ்டார்ட் பண்ணுங்கள். உங்கள் மாமாவைக் கூப்பிட மறக்காதீர்கள்; அது எந்தத் தடத்து வண்டி என்று அவருக்குச் சத்தத்தை வைத்தே தெரிந்துவிடும்.